இந்தியில் விலாசி, இங்கிலீஷில் அக்ஸோரியஸ்

என் கணவர் ஓய்வு பெற்ற அன்று மேடையில் ஒருவர் அவரை அக்ஸோரியஸ் என்று பாராட்டினார். அரங்கில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மாலையும் சால்வையுமாக உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து நின்று கும்பிட்டார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. சொன்னவருக்கே தெரியாது என்பது அதற்கும் பிறகு.

சொன்னவர் அந்த நிறுவனத்தின் பொது மேலாளர். கல்கத்தாக்காரர். அவர் பிரிவுபசாரக் கூட்டங்களில் பேசுவதைக் கேட்கவே ஆட்கள் வருவார்கள் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் கடின உழைப்பாளி, காலம் தவறாதவர் என்று நிறுத்திக்கொள்ளும் இடத்தில் இவர் இன்னொரு சொல்லையும் சேர்ப்பார். ஓய்வு பெறும் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒன்று. ஒருத்தருக்குக் கொடுத்ததை அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டார். அப்படி என் கணவர் பங்குக்கு வந்தது இது.

என் கணவர் வேலை பார்த்தது பாதுகாப்புத் துறைக்கு உதிரிபாகங்கள் செய்யும் ஓர் அரசு நிறுவனத்தில், தரப் பரிசோதனைப் பிரிவில். செய்து வரும் பொருளை அளந்து பார்த்து, அளவுக்குள் இருந்தால் முத்திரை குத்துவது, இல்லாவிட்டால் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைப்பது. முப்பத்துநாலு வருஷம் இதைச் செய்த ஒருவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று கேட்காதீர்கள். தோசை மெலிதாக இருந்தாலும் தடிமனாக இருந்தாலும் தட்டை உயர்த்திப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். குறை சொன்னதில்லை. பார்ப்பார், அவ்வளவுதான்.

பாராட்டுப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மத்திய அரசு நிறுவனம் என்பதால் இடது பக்கம் இந்தி, வலது பக்கம் ஆங்கிலம். மறுநாள் காலை செகந்திராபாத் லோத்குண்டாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை மாட்ட அவர் ஆணி தேடிக்கொண்டிருந்தபோது நான் இந்திப் பக்கத்தைப் படித்தேன். எங்கள் வீட்டில் இந்தி படிப்பது என் வேலை. என் முப்பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குத் துணி தைக்க வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்டவர். நான் பிறந்து வளர்ந்து படித்து, இப்போது பௌதிகம் சொல்லிக் கொடுப்பதும் இந்த ஊரில்தான். தெலுங்கு, உருது, இந்தி மூன்றும் எனக்கு வாயில் வரும். அவர் பாளையங்கோட்டை. வேலை கிடைத்து இங்கே வந்தவர். இத்தனை வருஷத்தில் அவர் கற்ற இந்தி, சாயா வாங்கவும் லீவு கேட்கவும் போதும்.

இந்திப் பக்கத்தில் கடின உழைப்பாளி இருந்தது. காலம் தவறாதவர் இருந்தது. மூன்றாவதாக 'விலாசி' என்று இருந்தது.

நான் திரும்பவும் படித்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டு, உங்களை விலாசி என்று போட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் ஆணியை வாயில் கவ்வியபடியே யோசித்தார்.

"விலாசம் சரியா இருக்குன்னு போட்டிருப்பான். பென்ஷன் பேப்பருக்கு வேணும்லா" என்றார்.

இந்தியில் விலாசி என்றால் விலாசம் இல்லை, சுகபோகங்களில் மூழ்கிக் கிடப்பவன் என்று விளக்கினேன். ஜமீன்தார்களையும் நவாபுகளையும் பற்றிச் சொல்லும் சொல். அதுவும் நல்லவிதமாகச் சொல்வதில்லை. இவரிடம் இருப்பது ஆறு அரைக்கைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால்கூட எழுந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் அலுவலகத்து இந்தி அதிகாரிக்குப் போன் போட்டார்.

இந்தி அதிகாரி பொறுமையான மனிதர். ஆங்கிலப் பிரதியில் டைப் அடித்தவர் முதலில் வரவேண்டிய 'எல்' என்ற எழுத்தை விட்டுவிட்டார், நான்தான் அதைக் கண்டுபிடித்து லக்ஸுரியஸ் என்று சரிசெய்து மொழிபெயர்த்தேன் என்றார். பிரிவுபசாரத்துக்குப் பொருத்தமான சொல்தானா என்று தனக்கும் சந்தேகம் வந்ததாம். பொது மேலாளர் சொல்லியிருக்கும்போது அதை மாற்ற நான் யார் என்று விட்டுவிட்டாராம்.

சட்டம் சுவருக்குப் போகவில்லை. அலமாரிக்கு மேல் போயிற்று.

சாயங்காலம் எங்கள் மகளிடமிருந்து வீடியோ கால் வந்தது. மகள் நகரத்தின் மறுகோடியில், மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். கணவரோடு அங்கேயே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் தெலுங்கில். ஆங்கிலப் பக்கத்தில் உள்ள சொல்லை நான் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவள் அங்கேயே தேடிப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் சத்தம் இல்லாமல் சிரித்தாள். திரையில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அவள் சொன்னதை நான் தமிழில் போட்டால் இதுதான்: மனைவியின் மேல் அளவுக்கு மீறிப் பிரியம் உள்ளவன், அவள் சொல்லுக்கு அடங்கி நடப்பவன். பழைய சொல். இப்போது யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. லத்தீனில் உக்ஸோர் என்றால் மனைவி. அதிலிருந்து வந்தது.

நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அளவுக்கு மீறின்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். மகள் ஆமாம் என்றாள். அவர் எழுந்து போய் வாசல் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையிலும் ஊற்றியிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதுதான் பேச்சு. தெலுங்கு டீச்சர் உடனே, எங்களிடம் இதற்குப் 'பார்யாவிதேயுடு' இருக்கிறதே என்றார். கேட்க ஏதோ பட்டம் மாதிரி இருந்தது, பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். கணக்கு டீச்சர் பழைய நகரத்து உருதுக்காரர். தயிர் சாதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ஜோரு கா குலாம்" என்றார். பெண்டாட்டியின் அடிமை. இதில் பட்டம் கிட்டம் ஒன்றும் இல்லை, தெருவில் நின்று கத்துகிற சொல். தமிழில் என்ன என்று என்னைக் கேட்டார்கள். பொண்டாட்டிதாசன் என்றேன். கணக்கு டீச்சர், எங்களுடையதை அப்படியே எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டார். யாரிடமிருந்து யார் எடுத்தார்களோ. எல்லா ஊரிலும் எல்லா மொழியிலும் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, எல்லாமே கேலி என்று மட்டும் தெரிந்தது.

அந்த வாரம் அவருடைய தங்கை பாளையங்கோட்டையிலிருந்து பேசினாள். அவளிடமும் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "அண்ணன் பொண்டாட்டிதாசன்னு எங்களுக்கு முப்பது வருசமாத் தெரியும் மைனி. இதுக்கு இங்கிலீஷ் வேறயாக்கும்" என்றாள்.

எனக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. அவருக்கு இல்லை. நான்கைந்து நாள் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார். அளவுக்குள் இருந்தால் சரக்கு, அளவுக்கு மீறினால் அது சிவப்பு அட்டை. கூடுதலாக இருந்தாலும் ரிஜெக்ட்தான், குறைவாக இருந்தாலும் ரிஜெக்ட்தான். முப்பத்துநாலு வருஷம் நான் அட்டை கட்டினேன், கடைசி நாளில் மேடையில் கூப்பிட்டு எனக்குக் கட்டிவிட்டார்கள் என்றார். சொல்லிவிட்டு அவரைக்காயை ஒரே அளவாக நறுக்குவதைத் தொடர்ந்தார்.

நேரில் போய்ப் பொது மேலாளரிடமே கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் மறுத்தார். பொது மேலாளர் வீட்டுக்குப் போய், ஐயா என்னை ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பதா என்றார். நன்றி சொல்லப் போவது போல் போகலாம், பேச்சு வந்தால் வரட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கிலோ பாதுஷா வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் அவர் வீடு இருக்கும் சைனிக்புரிக்குக் கிளம்பினோம். நான் சொன்னதற்காகக் கிளம்பியதே அந்தச் சொல்லுக்குச் சாட்சி ஆகிவிடுமோ என்று வழியில் எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது பொது மேலாளர். கையில் கரண்டி. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், இஞ்சியை இப்போது போடக்கூடாது, தண்ணீர் கொதித்த பிறகு போடு என்று ஆங்கிலத்தில் சொன்னது. சரி என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். அந்தக் குரலுக்குரியவர் சக்கர நாற்காலியில் வந்தார். அவருடைய மனைவி. முட்டி அறுவை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கோவாக்காரர். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

என் கணவர் பாதுஷாவைக் கொடுத்தார், நன்றி சொன்னார், மேற்கொண்டு பேச்சே எடுக்கவில்லை. கூரையில் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் கேட்டேன். அக்ஸோரியஸ் என்று சொன்னீர்களே, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை, வீட்டில் கொஞ்சம் குழப்பம் என்றேன்.

பொது மேலாளர் கரண்டியோடு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. மீதியை அவரே சொன்னார். அவருடைய பேச்சுகள் எல்லாம் மனைவி எழுதிக் கொடுப்பவை. அவர் முதன்முதலில் ஒரு கூட்டத்தில் பேசியபோது நாக்கு ஒட்டிக்கொண்டதாம். அன்றிலிருந்து மனைவி எழுதுவார், இவர் படிப்பார். அர்த்தம் எல்லாம் பார்ப்பதில்லை. உச்சரிப்பை மட்டும் காரில் போகும்போது இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். இதைச் சொல்வதில் அவருக்கு வெட்கமே இல்லை. டீயை வடிகட்டப் போய்விட்டார்.

அந்த அம்மாள் என் கணவரைப் பார்த்து, உங்களைப் புண்படுத்திவிட்டேனா என்று கேட்டார். இவர் இல்லை இல்லை என்றார். நான் ஆமாம் என்றேன்.

அவருடைய அப்பா கோவாவில் ஒரு தேவாலயத்துப் பாடகர் குழுவில் இருந்தவராம். லத்தீன் அந்த வீட்டில் சோறு மாதிரி என்றார். கல்யாணப் பூசையில் உக்ஸோர் என்ற சொல் வரும், சின்ன வயதில் அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ பறவையின் பெயர் என்று நினைத்துக்கொள்வாராம். அதிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள் இரண்டே இரண்டுதான் தனக்குத் தெரியும் என்றார். ஒன்று மனைவியிடம் பிரியமாக இருப்பவனுக்கு. இன்னொன்று மனைவியைக் கொல்வதற்கு. இந்த இரண்டில் பிரியத்துக்கான சொல்லில்தான் அளவுக்கு மீறி என்ற குற்றச்சாட்டும் சேர்ந்திருக்கிறது. கொலைக்கு அளவு ஒன்றும் சொல்லப்படவில்லை. இதை ஜோக் மாதிரிதான் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை.

உக்ஸோர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். உறுதியாக யாருக்கும் தெரியாது என்றார். 'பழகிக்கொள்பவள்' என்று ஒரு ஊகம் இருக்கிறதாம். கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போய் அந்த வீட்டுக்குப் பழகிக்கொள்கிறவள், அதனால் மனைவி. நான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். தாமிரபரணித் தண்ணீரை விட்டுவிட்டு இங்கே வந்து, என் அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருந்து, என் அண்ணன்மார்களின் உருதுப் பாட்டையும் நோன்பு மாதத்துச் சாப்பாடான ஹலீமையும், ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்கிற எங்கள் தமிழையும் பழகிக்கொண்டவர் அவர். நான் பிறந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட நகரவில்லை. அந்த ஊகம் சரியென்றால் எங்கள் வீட்டில் உக்ஸோர் அவர்தான்.

கணவனிடம் இப்படி இருக்கும் மனைவிக்கு ஒரு சொல் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார் அந்த அம்மாள். மாரிட்டோரியஸ். பெரிய அகராதிகளில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும், யாரும் பயன்படுத்தியதில்லை. தேவைப்படவில்லை, பெண் அப்படி இருந்தால் அதை யாரும் மீறல் என்று நினைக்கவில்லை என்றார்.

பிறகுதான் அவர் ஏன் அந்தச் சொல்லை எழுதினார் என்று சொன்னார். ஆண்டு விழாவுக்கெல்லாம் அவரும் வருவார். நான் பள்ளிக்கூடம் முடித்துத் தாமதமாகத்தான் போவேன். மேடையில் யார் பேசினாலும் என் கணவர் மட்டும் தலையைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாராம். நான் உள்ளே வந்ததும் முன்பக்கம் திரும்பிக் கைதட்ட ஆரம்பிப்பாராம். அப்போது மேடையில் யாரும் பேசி முடித்திருக்கவே மாட்டார்களாம். பல வருஷம் இதைப் பார்த்திருக்கிறார். அகராதி அந்தச் சொல்லைத் திட்டாக வைத்திருக்கிறது, நான் பாராட்டாக எழுதினேன், ஒரு சொல்லை யாராவது ஓரிடத்தில் திருப்பித்தானே ஆகவேண்டும் என்றார்.

"அதுவும் இரண்டு தடவை புனே பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவருக்கு வேறு என்ன சொல்லைப் போடுவது?" என்று டீயை நீட்டியபடி பொது மேலாளர் சேர்த்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தது ஒரு தடவை. மகள் எட்டு மாதக் குழந்தை, என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார், போகவேண்டாம் என்று நான்தான் அழுதேன். இரண்டாவது தடவை எனக்குத் தெரியாது. என் கணவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன பிறகும் ஊதினார்.

திரும்பும்போது ராணுவ நிலத்து மதில் ஓரமாக வருகிற சாலையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வேப்பமரத்தடியில் ஒருவர் இளநீர் வைத்திருந்தார். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு மதிலோரம் நின்றோம். இரண்டாவது தடவை எப்போது என்று கேட்டேன். மகள் ஏழாம் வகுப்பில் இருக்கும்போது என்றார். அப்போது அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் புனேயில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கும். எந்தத் தடையும் இல்லை.

"கைக்கு சொல்லலை?" என்றேன். கைக்கு என்றால் ஏன். எனக்குக் கோபம் வந்தால் பாதி உருதுதான் வரும்.

அவர் இளநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "நீ இங்க பஸ்ஸுல ஏறுனா நாலு பேருகிட்ட மூணு பாஷையில சண்ட போடுத. எறங்குததுக்குள்ள அவங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிக வாங்கிருத. புனேல போயி யாருகூடப் பேசுவ? என்னையமாரி ஆயிருவேன்னு நெனச்சேன்."

என்னை நினைத்துத்தான் செய்திருக்கிறார் என்பது புரிந்தது. ஆனால் அதே நேரத்தில் வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த வருஷத்தை நான் நினைத்துப் பார்த்தேன். அடுத்த தெருவில் அம்மா, எதிர் வரிசையில் பெரிய அண்ணன், பின்னால் சின்ன அண்ணன். எங்கள் வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் மூன்று வீட்டுக்கும் தெரிந்துவிடும். மகளுக்கு மார்க் குறைந்தால் ஆறு பேர் வந்து ஆறுதல் சொல்வார்கள். எனக்கு மூச்சு முட்டிய காலம் அது. எங்கேயாவது ஓர் ஊரில், யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு தெருவில், சாயங்காலம் சும்மா நடந்துபோனால் போதும் என்று இருந்தது.

"எனக்குப் போகணும்னு இருந்ததுங்க. நீங்க கேட்டிருந்தா ஹவ்னு சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. முத்திரை குத்தி அனுப்பிய சரக்கு பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்ததுபோல. நான் எனக்காகச் செய்யவில்லையே என்றார். தெரியும் என்றேன். நல்லதுக்குத்தானே செய்தேன் என்றார். அதுவும் தெரியும் என்றேன். இளநீர்க்காரர் வழுக்கையை வெட்டித் தரவா என்று கேட்டார், இரண்டு பேரும் வேண்டாமென்று தலையாட்டினோம். மனைவிக்கு அடங்கி நடப்பவன் என்று அகராதி சொல்கிறதே, அடங்குவதற்கு முன்னால் என்ன உத்தரவு என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா என்று கேட்டேன். அதற்கு அவர் சிரித்துவிட்டார். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

டிசம்பரில் பள்ளிக்கு விடுமுறை விட்டதும் பத்து நாளைக்குப் புனே போனோம். சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊருக்கு, வேலை ஒன்றும் இல்லாமல் நாங்கள் போனது அதுதான் முதல் தடவை. நிறுவனத்தின் குடியிருப்பைத் தேடிப்போய் வெளியிலிருந்து பார்த்தோம். மஞ்சள் கட்டடங்கள், துவைத்த துணிகள், ஒரு மாடியில் யாரோ குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். அதில் எந்த வீடு நமக்கு வந்திருக்கும் என்று அவர் கேட்டார். மூன்றாவது மாடி, வலது பக்கம் என்று நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மேற்கு வெயில் அடிக்கும் என்றார்.

தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் காலையில் காய்ச்சந்தை. முதல் நாள் ஒரு அம்மாள் வாடிய கீரையை என் பையில் திணிக்கப் பார்த்தார். பழக்கதோஷத்தில் நக்கோ என்றேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், வேண்டாமென்றால் விடு, அதை ஏன் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறாய் என்று மராத்தியில் கேட்டார். எனக்கு ஆச்சரியம். அவர்களும் அதையே சொல்கிறார்கள், நகோ என்று. எங்கள் ஊரின் முத்திரை என்று நான் நினைத்திருந்தது இவர்கள் வீட்டுச் சொல். பத்தாம் நாள் கிளம்பும்போது அந்த அம்மாளின் மகளுக்கு எந்தக் கல்லூரி என்று வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. என் கணவர் இரண்டு கைகளிலும் பையோடு பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். 

போன மாதம் மகள் ஒரு யோசனை சொன்னாள். அவர்கள் குடியிருப்பிலேயே ஆறாவது மாடியில் ஒரு வீடு வாடகைக்குக் காலியாகிறது, நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றாள். என் கணவரின் போனில்தான் பேசினாள். முன்பு என்றால் அவரே அவள் வேலை, என் வேலை, என் முட்டி வலி, என் பஸ் எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிக் கழித்து ஒரு முடிவைச் சொல்லியிருப்பார். இப்போது, "இரு, அம்மாட்ட கேக்கேன்" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு நாள் கொடு என்று மகளிடம் சொன்னேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. மாதாப்பூரிலிருந்து தினமும் செகந்திராபாத் வருவது லேசில்லை. ஆனால் அண்ணன்களின் தெருவிலிருந்து தப்பிப்பது என்றால் அந்தப் பயணத்தைக்கூட யோசிக்கலாம். இப்படி நான் என் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், அவருக்கு என்ன இஷ்டம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்பது உறைத்தது. நானும்தான் கேட்டதில்லை, கல்யாணமான நாள்முதல்.

கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி புதிது. சாயங்காலம் வரை யோசித்தார். இடையில் தபால் வந்தது, வாங்கி வைத்தார். மாவு அரைத்தார். இருட்டுவதற்குள் வந்து தன் முடிவைச் சொன்னார்.

"எனக்கு அந்த லிஃப்ட்டு புடிக்கலை. அதுல எல்லாரும் பேசாம கதவையே பாத்துட்டு நிக்கிறாங்க" என்றார்.

மகளுக்குப் போன் போட்டு, ஒன்றரை வருஷம் கழித்துப் பார்க்கலாம், இருந்தால் முதல் மாடியாகப் பார் என்று சொன்னேன். யார் முடிவு இது என்று கேட்டாள். அப்பாவுடையது என்றேன். நம்பவில்லை.